மத விகிதம் மாறிவிட்டது என்று ஒரு எண் வந்தால் அதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

"இத்தனை வருஷத்தில் இவர்கள் இத்தனை சதவீதம் ஏறிவிட்டார்கள், அவர்கள் இவ்வளவு இறங்கிவிட்டார்கள்" என்று ஒரு படம் குடும்ப வாட்ஸாப் குழுவில் வந்து விழும். அப்புறம் சித்தப்பா ஒரு பக்கம், அக்கா பையன் இன்னொரு பக்கம், இரவு பதினோரு மணி வரை ஓடும். அந்த எண் எந்தக் கணக்கிலிருந்து வந்தது, எந்த இடத்தை எண்ணியது, ஏன் நகர்ந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்பதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். ஒரு எக்செல் தாளும், சென்சஸ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மூன்று அட்டவணைகளும், கொஞ்சம் பொறுமையும் போதும். இந்தியக் கணக்கை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் நமக்கு வரும் சண்டைகளும் அதை வைத்துத்தான் வருகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மதத்தின் விகிதம் மாறுவது ஒரு விஷயம், மக்கள் மதம் மாறுவது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் முக்கால்வாசி சண்டை.

எதன் மேல் சதவீதம்?

படத்தில் சதவீதம் என்று பார்த்தவுடன் கேட்க வேண்டியது இது. 2024 மே மாதம் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவிலிருந்து ஓர் ஆய்வறிக்கை வந்தது, 1950 முதல் 2015 வரை பல நாடுகளில் பெரும்பான்மை மதத்தின் பங்கு எப்படி மாறியது என்று. இந்தியாவில் இந்துக்கள் பங்கு 7.82 சதவீதம் குறைந்தது, முஸ்லிம்கள் பங்கு 43.15 சதவீதம் கூடியது என்று செய்திகளில் ஓடியது. இரண்டும் கணக்குப்படி சரிதான். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் இந்துக்கள் 84.68-லிருந்து 78.06-க்கு வந்திருக்கிறார்கள், முஸ்லிம்கள் 9.84-லிருந்து 14.09-க்குப் போயிருக்கிறார்கள். அதாவது நூறு இந்தியர்களை நிறுத்தினால், அதில் முஸ்லிம்கள் சுமார் பத்துப் பேராக இருந்தது பதினான்கு பேராகியிருக்கிறது. நாலேகால் புள்ளி. அந்த நாலேகாலை 9.84-ஆல் வகுத்தால் 43 வரும், அதே மாதிரி இந்துக்களின் 6.62 புள்ளி இறக்கத்தை 84.68-ஆல் வகுத்தால் 7.82 வரும். அடி எண் சிறியதாக இருந்தால் சதவீதம் பயங்கரமாகத் தெரியும், பெரியதாக இருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி தெரியும், அவ்வளவுதான். அந்த அறிக்கை நேராக சென்சஸை எடுக்கவில்லை, உலக நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தொகுத்த ஒரு தரவுத் தொகுப்பிலிருந்து எடுத்தது, அதனால் அதன் எண்ணையும் சென்சஸ் எண்ணையும் ஒரே வரைபடத்தில் ஒட்டாதீர்கள்.

சென்சஸ்படி வேண்டுமென்றால் சுருக்கமாக இது: 1951-ல் இந்துக்கள் 84.1, முஸ்லிம்கள் 9.8, கிறிஸ்தவர்கள் 2.3. 2011-ல் 79.8, 14.2, 2.3. இதைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி தேவைப்படும்.

ஒரே நிலத்தைத்தான் எண்ணினார்களா?

மேலே கொடுத்த 1951 கணக்கில் ஜம்மு காஷ்மீர் இல்லை. அங்கே அந்த முறை கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1981-ல் அசாம் இல்லை, 1991-ல் மறுபடி ஜம்மு காஷ்மீர் இல்லை. இந்த மாதிரி ஓட்டை ஒன்று என்ன செய்யும் என்பதற்கு 2004 செப்டம்பரில் நடந்த கூத்து நல்ல உதாரணம். 2001 சென்சஸின் மதக் கணக்கை வெளியிட்டபோது முஸ்லிம்களின் பத்தாண்டு வளர்ச்சி சுமார் 36 சதவீதம் என்று வந்தது, மறுநாள் நாடு முழுக்க அதுதான் தலைப்புச் செய்தி. 1991-ல் எண்ணப்படாத ஜம்மு காஷ்மீரின் முஸ்லிம்கள், 67 லட்சத்துக்கும் மேல், 2001-ல் எண்ணப்பட்டதால் ஏதோ புதிதாகப் பிறந்து வந்தவர்கள் மாதிரி கணக்கில் சேர்ந்திருந்தார்கள். இரண்டு முறையும் எண்ணப்பட்ட பகுதிகளை மட்டும் வைத்துத் திருத்தியபோது அது 29 சதவீதத்துக்கு வந்தது. முந்தைய பத்தாண்டைவிட அது குறைவு. திருத்தமும் வெளியானது, ஆனால் திருத்தம் எந்தக் காலத்தில் தலைப்புச் செய்தியாகியிருக்கிறது?

எண்ணினார்கள் என்றாலும் ஒழுங்காக எண்ணினார்களா என்பது அடுத்தது. நாகாலாந்தில் 1991-க்கும் 2001-க்கும் நடுவில் மக்கள்தொகை 64 சதவீதம் ஏறியதாகக் கணக்கு, அடுத்த பத்தாண்டில் ஏறவே இல்லை, லேசாகக் குறைந்தும் விட்டது. முதல் எண் ஊதிப் பெருத்தது என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பேர் கிறிஸ்தவர்கள் என்பதால் அந்த ஊதல் கிறிஸ்தவ வளர்ச்சிக் கணக்கிலும் ஏறி உட்கார்ந்திருந்தது.

எந்த வழியில் நகர்ந்தது?

சரி, நிலம் ஒன்றுதான், எண்ணியதும் ஒழுங்குதான் என்றால், ஒரு மதத்தின் தலைக்கணக்கு மாற ஐந்து வழி உண்டு: பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு, மதமாற்றம், அப்புறம் படிவத்தில் எழுதும் விதம். வரும் எண்ணை இந்த ஐந்தில் எதில் எவ்வளவு போடலாம் என்று பார்ப்பதுதான் வேலை.

பிறப்பிலிருந்து தொடங்குங்கள், இந்தியாவில் பெரும் பங்கு அங்கேதான் தீர்ந்துவிடும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு மதவாரியாக ஒரு பெண்ணுக்கு எத்தனை குழந்தை என்று தருகிறது. 1992-93-ல் முஸ்லிம்களுக்கு 4.4, இந்துக்களுக்கு 3.3. 2019-21-ல் முஸ்லிம்களுக்கு 2.36, இந்துக்களுக்கு 1.94. நடுவில் இருந்த 1.1 குழந்தை வித்தியாசம் அரைக் குழந்தைக்கும் கீழே வந்துவிட்டது. பிறகு ஏன் பங்கு இன்னும் ஏறுகிறது என்று உடனே கேட்பார்கள். முன்பு அதிகம் பிறந்தவர்கள் இப்போது கல்யாண வயதில் இருக்கிறார்கள், தாய்மார்கள் எண்ணிக்கையே அதிகம், அதனால் ஆளுக்கு இரண்டு பெற்றாலும் கொஞ்ச காலத்துக்குத் தொகை ஏறிக்கொண்டேதான் இருக்கும். வயது அமைப்பு தரும் இந்த உந்துதலைக் கணக்கில் எடுக்காதவர்கள் எல்லோரும் ஏறுமுகக் கோட்டை அப்படியே 2100 வரை இழுத்துப் படம் போடுகிறார்கள். மாநிலத்தையும் மறக்க வேண்டாம். அதே கணக்கெடுப்பில் எல்லா மதத்துக்கும் சேர்த்து ஒரு பெண்ணுக்குப் பீகாரில் 3.0 குழந்தை, தமிழ்நாட்டில் 1.8. எந்த மதம் என்பதைவிட எந்த ஊர், பெண் எவ்வளவு படித்தாள் என்பது பல இடங்களில் பெரிய காரணம்.

இறப்பு பக்கம் நமக்குப் பெரிதாகத் தெரிவது பார்சிகள் கணக்கில். 2001-ல் 69,601 பேர், 2011-ல் 57,264 பேர். யாரும் அவர்களை மதம் மாற்றவில்லை. பிறப்பைவிடச் சாவு அதிகம், கல்யாணம் தாமதம், சிலர் வெளிநாடு, வெளியே கட்டிக்கொடுத்த பெண்களின் பிள்ளைகளைச் சமூகம் சேர்த்துக்கொள்வதில்லை.

கேரளக் கிறிஸ்தவர்களைப் பாருங்கள், இது கொஞ்சம் நுணுக்கமானது. 2001-ல் மாநிலத்தில் 19.0 சதவீதம், 2011-ல் 18.4. பத்து வருஷத்தில் அவர்கள் தொகை ஒன்றரை சதவீதம்கூட ஏறவில்லை. குழந்தைகள் குறைவு, வளைகுடாவுக்கும் அதைத் தாண்டியும் போனவர்கள் அதிகம். இதை வைத்து "கிறிஸ்தவர்கள் மதத்தை விட்டுப் போகிறார்கள்" என்று யாராவது எழுதினால் சிரித்துவிட்டு நகரலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. நாடு முழுக்கக் கிறிஸ்தவர் பங்கு 1951-லும் 2.3, 2011-லும் 2.3 என்பதைக் காட்டி "பாருங்கள், மதமாற்றமே நடக்கவில்லை" என்று சொல்வதும் செல்லாது. பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறப்பு குறைந்து, அந்த இடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வந்து நிரப்பியிருந்தாலும் அதே 2.3 வரும். அசையாத எண்ணுக்குள்ளும் அசைவு இருக்கலாம். இரண்டு தரப்புமே இந்த இடத்தில் தங்களுக்குத் தேவையான பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

நிஜமான மதமாற்றம் எண்ணில் எப்படித் தெரியும்?

1951-ல் இந்தியாவில் பௌத்தர்கள் சுமார் 1.8 லட்சம். 1961-ல் சுமார் 32.5 லட்சம். பதினெட்டு மடங்கு. இன்றைய மகாராஷ்டிரப் பகுதியில் இரண்டரை ஆயிரம் அளவில் இருந்தவர்கள் சுமார் 28 லட்சம் ஆனார்கள். நடுவில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும், 1956 அக்டோபர் 14, நாக்பூரில் அம்பேத்கர் பெரும் கூட்டத்தோடு பௌத்தம் தழுவினார். எவ்வளவு பிள்ளை பெற்றாலும் ஒரு சமூகம் பத்து வருஷத்தில் நாற்பது சதவீதம் ஏறுவதே பெரிய பாடு, பதினெட்டு மடங்கு என்பது பிறப்பால் முடியவே முடியாது. ஆக முதல் அடையாளம், உயிரியலுக்கு அடங்காத வேகம்.

இரண்டாவது அடையாளம், ஒரு பக்கம் ஏறினால் அதே இடத்தில் இன்னொரு பக்கம் இறங்கியிருக்க வேண்டும். அருணாசலப் பிரதேசத்தில் 2001-ல் கிறிஸ்தவர்கள் 18.7 சதவீதம், 2011-ல் 30.3. அதே பத்தாண்டில் 'பிற மதங்கள்', அதாவது பெரும்பாலும் டோனி-போலோ போன்ற பழங்குடி வழிபாட்டுக்காரர்கள், 30.7-லிருந்து 26.2-க்கு இறங்கினார்கள், இந்துக்கள் 34.6-லிருந்து 29.0-க்கு. இந்துக்கள் பங்கு வெளிமாநிலத் தொழிலாளர் வரத்தாலும் ஏறி இறங்கும், அதனால் மூன்று வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் படம் கிடைக்கும். மாநில மொத்தத்தோடு நிற்காமல் மாவட்டத்துக்கு இறங்குங்கள்.

மூன்றாவது, எல்லா மதமாற்றமும் எண்ணில் தெரியாது. 1981 பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டின் மீனாட்சிபுரம் கிராமத்தில் ஒரு மதமாற்றம் நடந்தது. தலித் குடும்பங்கள், சுமார் 180 என்று செய்திகள் சொன்னவை, இஸ்லாத்துக்குப் போனார்கள், டெல்லி வரை அதிர்ந்தது, தலைவர்கள் வரிசையாக ஊருக்கு வந்து போனார்கள். அன்றைய தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4.84 கோடி. ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டாலும் சதவீதத்தில் இரண்டு தசமத்துக்குள் அது தெரியவே தெரியாது. அரசியலில் பெரியது எண்ணில் பெரியதாக இருக்க வேண்டியதில்லை.

நேரடியாகக் கேட்டுப் பார்த்த கணக்கும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019-20-ல் கிட்டத்தட்ட 30 ஆயிரம் பேரிடம் எந்த மதத்தில் வளர்ந்தீர்கள், இப்போது எது என்று தனித்தனியாகக் கேட்டது. 98 சதவீதம் பேருக்கு இரண்டு பதிலும் ஒன்று. இந்துவாக வளர்ந்து இப்போது கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 0.4 சதவீதம், அதில் பெரும்பாலோர் தென்னிந்தியாவில். வீட்டு வாசலில் நின்று கேட்கிறவரிடம் எல்லோரும் உண்மை சொல்வார்களா என்பது வேறு கேள்வி, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பின்தொடருங்கள்

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வழி. மக்கள்தொகையியல் படித்தவர்கள் செய்வது, நாமும் செய்யலாம். 2011 சென்சஸில் சி-15 என்று ஒரு அட்டவணை, மதம், வயது, ஆண் பெண் மூன்றையும் சேர்த்துத் தருகிறது. முந்தைய சென்சஸிலும் இதே மாதிரி மதமும் வயதும் உள்ள அட்டவணை இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

2001-ல் 10 முதல் 19 வயது வரை இருந்தவர்கள் 2011-ல் 20 முதல் 29 வயதில் இருப்பார்கள். நடுவில் அந்தக் கூட்டத்தில் புதிதாக யாரும் பிறந்து சேர முடியாது, சாவால் குறையத்தான் முடியும். ஒரு மதத்தில் 2001-ல் அந்த வயதில் ஆயிரம் பேர் இருந்து 2011-ல் 980 என்றால் இயல்பு. 1,150 என்று வந்தால் 150 பேர் எங்கிருந்தோ வந்திருக்கிறார்கள்: ஒன்று வேறு ஊரிலிருந்து, இல்லை வேறு மதத்திலிருந்து, இல்லை படிவத்தில் வேறு மாதிரி எழுதி. 800 என்றால் மறுபக்கம். பிறப்பு விகிதம் பற்றிய வாதம் முழுவதையும் இந்த ஒரு கணக்கு ஓரம் கட்டிவிடும்.

செய்யும்போது சில இடத்தில் கால் வழுக்கும். நம் ஊரில் வயதைச் சரியாகச் சொல்கிறவர்கள் குறைவு, 20, 25, 30, 40 என்று உருட்டிச் சொல்வார்கள், அதனால் ஐந்தாண்டுப் பிரிவுகளை நம்பாமல் பத்து அல்லது இருபது ஆண்டுகளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவட்ட அளவில் பார்த்தால் பெண்கள் கல்யாணமாகி இடம் மாறுவார்கள், எனவே பெண்கள் வரிசையில் 15 முதல் 30 வயது வரை எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆண்கள் வரிசையில் வேலைக்குப் போனவர்கள். நாற்பது தாண்டியவர்கள் கணக்கு ஓரளவு நிலையாக இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். ஒரே மாவட்டத்தில் எல்லா மதத்துக்கும் இதே கணக்கைப் போட்டு, எல்லோரும் ஒரே அளவு ஏறியிருந்தால் அது குடிபெயர்வு, ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் மதமாற்றமோ எழுத்து மாற்றமோ என்று சந்தேகிக்கலாம்.

படிவத்தில் எழுதும் விதம்

சந்தேகிக்கலாம் என்று நிறுத்தியதற்குக் காரணம் இந்த ஐந்தாவது வழிதான். பட்டியல் சாதி அந்தஸ்து பற்றிய 1950 குடியரசுத் தலைவர் ஆணை முதலில் இந்துக்களுக்கு மட்டும், 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தது. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். சாதிச் சான்றிதழில் ஒரு மதமும் வீட்டுச் சுவரில் இன்னொன்றும் இருக்கும் குடும்பங்களை நம் ஊர்ப்பக்கம் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. சட்டம் ஒரு கதவை மூடி வைத்தால் மக்கள் பதிலை அதற்கேற்ப வளைப்பார்கள், அதில் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கணக்குப் பார்க்கிறவர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்காக "நிஜக் கணக்கு இதைப்போல ஐந்து மடங்கு" என்று அடித்துவிடுகிறவர்களையும் நம்ப வேண்டாம், அந்த ஐந்தை அவர்கள் எங்கே எண்ணினார்கள் என்று கேளுங்கள்.

2011 படிவத்தில் ஆறு மதத்துக்கு மட்டும் எண் குறியீடு இருந்தது: இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம், சீக்கியம், பௌத்தம், சமணம். மற்றவர்கள் மதப்பெயரை முழுதாக எழுதச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லி எழுத வைத்தே சர்னா என்ற பழங்குடி மதத்தவராக 49 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவானார்கள், பெரும்பாலும் ஜார்க்கண்டில். தனிக் குறியீடு வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டமன்றம் 2020 நவம்பரில் தீர்மானமே போட்டது. நாளைக்கே அந்தக் குறியீடு வந்தால் இந்துக்கள் பங்கில் ஓர் இறக்கம் தெரியும், ஒருவரும் மதம் மாறியிருக்க மாட்டார்கள். இதே கணக்கில் நாத்திகர் என்று எழுத வைத்தவர்கள் நாடு முழுக்க சுமார் 33 ஆயிரம். பெரியார் பிறந்த மண்ணில் பாதிப் பேரை எங்கே ஒளித்து வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும்!

கேள்வியின் வடிவம் எவ்வளவு செய்யும் என்று பார்க்க பிரிட்டன் நல்ல இடம். இங்கிலாந்து, வேல்ஸ் சென்சஸில் "உங்கள் மதம் என்ன?" என்று கேட்கிறார்கள், மதம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு. ஸ்காட்லாந்தில் "எந்த மதத்தை, மதப்பிரிவை, அமைப்பைச் சேர்ந்தவர்?" என்று கேட்கிறார்கள். 2001-ல் மதமில்லை என்றவர்கள் இங்கிலாந்து, வேல்ஸில் 14.8 சதவீதம், ஸ்காட்லாந்தில் 27.5. இரண்டு ஊரும் ஒன்றல்ல, எல்லா வித்தியாசமும் கேள்வியால் வந்ததல்ல. ஆனால் பிரிட்டன் முழுக்க நடக்கும் சமூக மனப்பான்மைக் கணக்கெடுப்பு, "உங்களை ஏதாவது ஒரு மதத்தைச் சேர்ந்தவராகக் கருதுகிறீர்களா?" என்று கேட்டபோது 2018-லேயே 52 சதவீதம் பேர் இல்லை என்றார்கள், மூன்று வருஷம் கழித்து இங்கிலாந்து, வேல்ஸ் சென்சஸில் அது 37.2 தான்.

2027 கணக்கு வரும்போது

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து அடுத்த சென்சஸ் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதாவது முந்தையதற்கும் இதற்கும் பதினாறு வருஷ இடைவெளி. இங்கே ஒரு பெரிய குழப்பம் வரப்போகிறது, இப்போதே தயாராகிவிடுங்கள். 2001-11 பத்தாண்டில் முஸ்லிம்கள் வளர்ச்சி 24.6 சதவீதம், இந்துக்கள் 16.8. இரண்டு பேரும் அதே வேகத்தில் துளிகூட மாறாமல் போனாலும் பதினாறு வருஷத்தில் 42-ம் 28-ம் வரும். "24-லிருந்து 42-க்குப் பாய்ச்சல்" என்று படம் வரும் பாருங்கள். எக்செல்லில் புதிய தொகையைப் பழையதால் வகுத்து, அதை 1/16 அடுக்குக்கு உயர்த்தி, ஒன்றைக் கழியுங்கள், ஆண்டு வேகம் கிடைக்கும். பழைய பத்தாண்டுக்கு 1/10 அடுக்கு. முஸ்லிம்களின் பழைய வேகம் ஆண்டுக்கு 2.2 சதவீதம், இந்துக்களுடையது 1.6. புதிய எண்ணை இவற்றோடு ஒப்பிடுங்கள். பிறப்பு விகிதம் இறங்கியிருக்கும் போக்கைப் பார்த்தால் இரண்டுமே குறைந்து வரும் என்பது என் கணிப்பு.

கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வரும்போது மதக் கேள்விக்கு என்ன எழுதினார் என்று கேட்டுப் பாருங்கள், வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. குடும்பத் தலைவர் பெயரைப் பார்த்தே எல்லோருக்கும் ஒரே குறியீட்டைப் போட்டுப் போகிற அவசரம் நடப்பதுண்டு. 1948 சென்சஸ் சட்டப்படி தனி நபர் பதில்கள் ரகசியம், கோர்ட்டில் சாட்சியாகக்கூட எடுக்க முடியாது, அதனால் சான்றிதழுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து பதிலை மாற்ற வேண்டியதில்லை.

இன்னொரு வேலையை இந்த வாரமே செய்துவிடலாம். 2011-ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. வேலூர் மூன்றாகப் பிரிந்தது, திருநெல்வேலியிலிருந்து தென்காசி போனது. புது வேலூரைப் பழைய வேலூரோடு வைத்துப் பார்த்தால் எந்த மதத்தின் பங்கும் தாறுமாறாகத்தான் தெரியும். ஆகவே 2011-ன் சி-01 அட்டவணையை, அதாவது மதவாரி மக்கள்தொகை அட்டவணையை, மாவட்ட அளவில் எடுக்காமல் தாலுகா அளவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய கணக்கு வந்ததும் தாலுகாக்களைக் கூட்டி அதே நிலத்தை மறுபடி அமைக்கலாம், பிரிந்த தாலுகா என்றால் இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.